சண்டி எழுந்திருக்கணும்

“ஏண்டி, தரையைக் கழுவினியா, எண்ணெய் ஊத்தி மெழுகினியா? ஐயோ... என் சண்டி போச்சே! என் மாடு போச்சே!”

மாமியார் கொட்டகை வாசல் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அலறினாள். பொழுது அப்போதுதான் விடிந்திருந்தது. கொட்டகையின் நடுவில், ஈரச் சிமெண்ட் தளத்தில், சண்டி என்கிற அந்தப் பெரிய பசு விழுந்து கிடந்தது. பின்னங்கால்கள் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்துபோயிருந்தன. முன்னங்காலை ஊன்றி எழப் பார்க்கும், பின்பக்கம் வழுக்கும், மறுபடியும் பொத்தென்று விழும். 

மருமகள் ஓடிப் போய் அதன் தலையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். “எழுந்திருக்காதே... வேண்டாம்டி... இன்னும் கிழிச்சுக்காதே...” என்று கெஞ்சினாள். வெள்ளை விழி தெரிய மாடு அவளைப் பார்த்தது. மற்ற மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு மிரண்டு நின்றன.

பால் கேன்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த அவள் கணவன் சத்தம் கேட்டு ஓடி வந்தான். மாட்டைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

“என்ன இது, இவ்வளவு நுரை? சோப்புப் போட்டுக் கழுவிட்டு அலசாமலே விட்டுட்டியா?”

“நான் சோப்பே...” என்று ஆரம்பித்தவள் பாதியில் வாயை மூடிக்கொண்டாள். சுவரோரம் இருந்த இரண்டு டப்பாக்கள் அவள் கண்ணில் பட்டுவிட்டன.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம். மருமகள் வெறும் தண்ணீர் விட்டுத் தளத்தைக் கழுவுவாள். பிறகு மாமியார் வந்து, மாடு வழுக்காமலிருக்க மரத்தூள் தூவுவாள். ஆணியில் தொங்கும் குவளையை எடுத்து, அதற்கு நேர் கீழே இருக்கும் டப்பாவிலிருந்து அள்ளி, கையாலேயே பரப்பிவிடுவாள். மாமியார் தூவாமல் எந்த மாடும் அந்தத் தளத்தைத் தாண்டியது கிடையாது. வேறு யாராவது குவளையைத் தொட்டால் வீடு இரண்டுபடும்.

இன்று ஆணிக்கு நேர் கீழே இருந்தது மரத்தூள் இல்லை. பால் கேன் கழுவுகிற சலவைத்தூள். நேற்று மாலை வாங்கி வந்த கணவன், மரத்தூள் டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு அதை அங்கே வைத்திருந்தான். மூடி திறந்திருந்தது, குவளை அதற்குள் கிடந்தது. ஒரு டப்பா சிவப்பு, இன்னொன்று நீலம். கண் தெரிகிறவர்கள் யாரும் மாற்றி எடுக்க மாட்டார்கள்.

மாமியாருக்குக் கண் தெரியாது. அந்த வீட்டில் அது மருமகளுக்கு மட்டும்தான் தெரியும். மாமியார் ஒன்றும் அவளிடம் சொல்லிவிடவில்லை. ஒருநாள் முற்றத்தில் கிடந்த கறுப்பு வாளியைப் பார்த்து, “ஏய் கன்னுக்குட்டி, வழியை மறிக்காதே, நகரு!” என்று மாமியார் அதட்டினாள். வாளி நகரவில்லை. “திமிரைப் பாரு!” என்று அதற்கு ஒரு தட்டும் வைத்தாள். தகரம் ‘டங்’கென்றது. சுற்றுமுற்றும் யாரும் இல்லையென்று நினைத்து, மாமியார் அப்படியே முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சன்னலுக்குப் பின்னால் நின்ற மருமகள் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் விக்கித்துப்போனாள்.

அப்புறம்தான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. மாமியார் காலையும் மாலையும் சண்டியின் முதுகில் கை வைத்தபடியேதான் மேய்ச்சலுக்குப் போவாள், வருவாள். “அம்மாவுக்கு அந்த மாடு மேல என்ன பாசம் பாரு!” என்று மகன்கள் பூரித்துப்போவார்கள். பாசமும்தான். ஆனால் வழி தெரிந்தது மாட்டுக்கு. மாமியார் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், அவ்வளவுதான்.

நகரத்தில் இருக்கும் சின்ன மகன் எப்போது வந்தாலும் பாடுகிற பாட்டு ஒன்று உண்டு. “அம்மாவுக்கு முடியலைன்னா சொல்லுங்க. மாட்டையெல்லாம் தள்ளிவிட்டுட்டு என்கூட வந்துடட்டும். அஞ்சாவது மாடி, காத்து அடிச்சுத் தள்ளும்!” அதைக் கேட்கும்போதெல்லாம் மாமியாரின் முகம் வெளிறும். அந்த முகத்துக்காகவே மருமகள் வாயைத் திறக்கவில்லை.

இப்போதும் திறக்கவில்லை. கணவன் திரும்புவதற்குள் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். குவளையை ஆணியில் மாட்டினாள்.

“ஆமாங்க... அலசாம விட்டுட்டேன். என் தப்புதான்.”

“அடிப்பாவி!” என்றாள் மாமியார். “சோறு போட்ட மாட்டைச் சாய்ச்சுட்டியேடி! உனக்கு என்ன கெடுதல் பண்ணிச்சு அது?”

கணவன் அவள் பக்கம் திரும்பாமலே மாட்டு டாக்டரைக் கூப்பிடப் போனான். அவன் கத்தியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மாட்டு டாக்டரம்மா வந்து, தொடையையும் இடுப்பையும் அழுத்திப் பார்த்தாள். குளம்புக்கு மேலே ஊசியால் குத்தினாள். சண்டி காலைச் சுருக்கியது.

“உணர்ச்சி இருக்கு. எலும்பும் உடையலை. தொடைச் சதை உள்ளே கிழிஞ்சிருக்கு. மண்ணும் வைக்கோலும் மெத்தை மாதிரி பரப்பி அதுல போடுங்க. பின்னங்கால் ரெண்டையும் மெத்துனு ஒரு துணியால, கொஞ்சம் இடைவெளி விட்டுக் கட்டுங்க. அப்பத்தான் மறுபடி விரியாது. முக்கியமா ஒண்ணு. ஒரே பக்கமா படுக்க விடாதீங்க. அதோட கனமே அதோட காலை நசுக்கிடும். புரட்டிப் புரட்டிப் போட்டுக்கிட்டே இருக்கணும்.”

“பொழைக்குமா டாக்டரம்மா?” என்று மருமகள் கேட்டாள்.

“எழுந்திரிச்சா பொழைக்கும். சீக்கிரம் எழுந்திரிக்கணும். நாள் போகப் போக எனக்கே நம்பிக்கை இருக்காதும்மா.”

அன்றிலிருந்து அவளுக்குக் கொட்டகையே வீடாகிவிட்டது. கணவனும் அவளும் சேர்ந்து தள்ளினால்தான் சண்டி புரளும். அவன் வருவான், தோள் கொடுப்பான், போவான். அவள் சுடுதண்ணீரில் சாக்கை நனைத்துத் தொடையில் ஒத்தடம் கொடுப்பாள். படுத்த நிலையிலேயே பால் கறந்து மடியைக் காலியாக்குவாள். மாட்டின் வாயருகே தண்ணீரை நீட்டுவாள். அது குடித்தால் அவளுக்கு உயிர் வரும். முகத்தைத் திருப்பிக்கொண்டால், காது சில்லிட்டிருக்கிறதா, மூச்சு சீராக வருகிறதா என்று தடவித் தடவிப் பார்ப்பாள். கண் அயர்ந்தால் போதும், அது செத்துக் கிடப்பதாகவே கனவு வரும். திடுக்கிட்டு எழுந்து மூக்கில் கை வைப்பாள். தனக்குச் சோறு என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோனது. அதை நினைவுபடுத்தவும் அங்கே ஆளில்லை.

மாமியார் அறையை விட்டு வெளியே வரவில்லை. “கோபம்” என்றான் கணவன். மருமகளுக்குத் தெரியும், கோபம் பாதிதான். பிடித்துக்கொண்டு நடக்க மாடு இல்லையே! ஆனால் குரல் மட்டும் சுவர் தாண்டி வந்துகொண்டிருந்தது.

“உன் கை பட்டா எதுடி விளங்கியிருக்கு? ஒரு தரையை அலசத் துப்பில்லை...”

திட்டட்டும். திட்டுகிற குரல் வருகிறவரை மாமியார் எங்கேயும் இடறி விழவில்லை என்று அர்த்தம். குரல் நின்றால்தான் மருமகளுக்குப் பகீரென்றது.

ஒரு மத்தியானம் அப்படி நின்றுவிட்டது.

சண்டியைப் பாதி புரட்டியிருந்தார்கள். அதன் கனத்தைத் தோளில் தாங்கியபடியே மருமகள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். மாமியார் வெட்டவெளி முற்றத்தின் நடுவில் நின்றாள். எப்படியோ சுவரை விட்டுவிட்டாள். கைகள் இரண்டும் லேசாக முன்னால் நீண்டிருந்தன. எட்டி வைத்தால் சாணக் குழி. மூடாத குழி, ஆள் ஆழம்.

“அத்தை, குழி!” என்று கத்த வேண்டும். கத்தினால், இத்தனை வருஷமாக இருக்கிற குழி எதிரே இருப்பது அம்மாவுக்குத் தெரியாதா என்று அருகில் இருக்கிற மகன் கேட்பான். எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிடும். மாமியார் காலைத் தூக்கிவிட்டாள்...

“அத்தை! அங்கேயே நில்லுங்க! ஒரு அடி எடுத்து வைக்காதீங்க! திட்டறதா இருந்தா அங்க நின்னே திட்டுங்க!”

தூக்கிய கால் அப்படியே நின்றது. “என்னது? என்னடி சொன்னே? என் வீட்டு முத்தத்துல என்னை நில்லுங்கறியா? நீ யாருடி எனக்கு...” என்று மாமியார் நின்ற இடத்திலேயே நின்று பிடிபிடியென்று பிடித்தாள். அந்தத் திட்டு முடிவதற்குள் மருமகள் ஓடிப் போய் முழங்கையைப் பற்றிக்கொண்டாள். “ஆமா, நான் கெட்டவதான். உள்ள வந்து பேசுங்க” என்று சண்டை போடுவதுபோலவே பேசிப் பேசிக் கட்டில்வரை கொண்டுபோய் விட்டாள். மாமியாரின் கையும் அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கையை விட அவளுக்கு மனசே வரவில்லை.

திரும்பி வந்தபோது கணவன் பாதி புரண்ட மாட்டைத் தனியாகத் தாங்கிக்கொண்டு முறைத்தான்.

“மாட்டைச் சாய்ச்சது போதாதா? எங்கம்மாவையும் எதிர்த்துப் பேச ஆரம்பிச்சுட்டியா? நீ இப்படி இல்லையே... உனக்கு என்ன ஆச்சு?”

அவள் மாட்டுக்கு அந்தப் பக்கம் போய்த் தோள் கொடுத்தாள். கண்ணீர் சண்டியின் முதுகில் சொட்டியது. துடைக்கக் கை காலியாக இல்லை.

நகரத்திலிருந்து சின்னவன் வந்துவிட்டான். மாட்டைச் சுற்றி வந்தான், உச்சுக்கொட்டினான்.

“அண்ணா, இது தேறாது. எதுக்கு வாயில்லா ஜீவனை வதைக்கறே? அடிமாட்டு லாரிக்காரர்கிட்ட பேசிட்டேன். நாளைக்குக் காலைல வர்றார். அம்மாவும் மனசு உடைஞ்சு படுத்துட்டாங்க. நான் கையோட கூட்டிட்டுப் போறேன்.”

“தம்பி, வேண்டாம் தம்பி! நேத்து பின்னங்காலை உதைச்சுது! நான் பார்த்தேன்!” என்று அவள் கைகூப்பினாள். “என்னங்க, நீங்களாவது சொல்லுங்களேன்... இன்னும் கொஞ்சம் நாள்...”

கணவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “உன்னாலதானே இவ்வளவும்” என்று மட்டும் சொன்னான்.

காலையில் அவள் சண்டியின் தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது லாரியின் ஹாரன் கேட்டது. தேய்த்த கை நின்றுவிட்டது. மாடு காதை விறைத்துக்கொண்டது.

“எழுந்திருடி” என்று அதன் காதில் சொன்னாள். “சண்டித்தனம் பண்ணினது போதும். வந்துட்டாங்கடி... உன்னை ஏத்திட்டா அத்தையை அஞ்சாவது மாடியில கொண்டுபோய் உக்கார வச்சிடுவாங்க. எனக்குப் பயமா இருக்குடி... எழுந்திரேன்...”

கயிற்றோடு லாரிக்காரர் இறங்கினார். அண்ணனும் தம்பியும் பின்னாலேயே வந்தார்கள். அதே நேரத்தில் வீட்டுச் சுவரைத் தடவிக்கொண்டே மாமியாரும் வந்துவிட்டாள்.

“எவன்டா அவன், என் மாட்டைத் தொடறவன்? கையை ஒடிச்சுடுவேன்! சண்டீ...!”

அந்தக் குரலுக்கு மாடு அடித்தொண்டையில் ஒரு சத்தம் கொடுத்தது. சத்தம் வந்த திசையைப் பார்த்து மாமியார் சுவரை விட்டாள். விறுவிறுவென்று கொட்டகைக்குள் நுழைந்து, தடுப்புச் சுவருக்கும் மாட்டுக்கும் நடுவில் போய் நின்றுவிட்டாள். அந்த நொடியில்தான் சண்டி முழங்காலை ஊன்றியது. பின்பக்கம் எம்பியது. மேலே போன பெரிய உடம்பு ஆடியது. ஆடி, மாமியார் பக்கமே சாய ஆரம்பித்தது.

“அம்மா! சாயுதும்மா! தள்ளிப் போ!” என்று மகன்கள் இருவரும் கத்தினார்கள்.

மாமியார் இரு கைகளையும் விரித்துக்கொண்டு, “எந்தப் பக்கம்டா? எந்தப் பக்கம்?” என்று கேட்டாள்.

மகன்கள் உறைந்துபோனார்கள். எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் மாடு சாய்கிறது. அம்மா எந்தப் பக்கம் என்று கேட்கிறாள்!

மருமகள் நிற்கவில்லை. மாமியாரை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் புகுந்தாள். முதுகு சுவரில் மோதியது. சண்டியின் இடுப்பு முழுக் கனத்தோடு அவள் நெஞ்சில் வந்து சாய்ந்தது. மூச்சு வெளியே போனது, உள்ளே வரவில்லை. செத்தேன் என்றே நினைத்தாள். கத்தினால் மாடு மிரளும், மிரண்டால் மறுபடி கால் வழுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, “நில்லு... நில்லுடி... நில்லு...” என்று முனகினாள்.

முதலில் பாய்ந்தவர் லாரிக்காரர்தான். வாலின் அடியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். கணவன் வந்து மாட்டைத் தன் பக்கம் சாய்த்தான். கட்டியிருந்த துணி பின்னங்கால்களை விரியவிடாமல் பிடித்துக்கொண்டது. சண்டி தள்ளாடியது, நடுங்கியது... அப்புறம் நான்கு காலிலும் நின்றது!

மருமகள் சுவரோடு சறுக்கி வைக்கோலில் உட்கார்ந்தாள். இருமி இருமி மூச்சை வாங்கினாள்.

“அம்மா...” என்றான் பெரியவன். “எந்தப் பக்கம்னு கேட்டியே... உனக்குத் தெரியலையா?”

கீழே விழுந்து கிடந்த மாமியார் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். “தெரியலைடா. வெளிச்சம் தெரியும். நிழல் தெரியும். உன் மூஞ்சி தெரிஞ்சு ரொம்ப நாளாச்சு.” பிறகு இருமல் வந்த பக்கம் திரும்பினாள். “ஏம்மா, நீ சொல்லு. அன்னிக்கு நான் தூவினது மரத்தூள்தானே?”

“ஆமா அத்தை. மரத்தூள்தான்.”

“பொய் சொல்லாதே!” மாமியார் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். வெடிப்பு வெடிப்பாக இருந்தது. “அன்னிக்குப் பூரா இதெல்லாம் எரிஞ்சுது. மரத்தூள் எரியுமாடி? அள்ளும்போதே கனத்துது. ஈரத்துல நமுத்துப்போச்சுன்னு நினைச்சேன். படுத்துக்கிட்டு அதையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். உன்கிட்ட கேக்கப் பயம்... நான்தான்னு நீ சொல்லிட்டா? அந்தப் பயத்துலதான்டி உன்னை இன்னும் பலமா திட்டினேன்!”

பெரியவன் சுவரோரம் பார்த்தான். ஆணி. அதற்கு நேர் கீழே சலவைத்தூள் டப்பா. தலையில் கை வைத்துக்கொண்டான். “அதை அங்க வச்சது நான்... நான்தான்மா. இவ ஒண்ணுமே பண்ணலை! வெறும் தண்ணியிலதான் கழுவியிருக்கா!”

“தெரிஞ்சுமா வாயை மூடிக்கிட்டு இருந்தே?” என்று மாமியார் கதறினாள். “அத்தனை பேச்சையும் கேட்டுக்கிட்டு? ஏண்டி?”

“உங்களை மாடியில கொண்டுபோய் உக்கார வச்சிடுவாங்கன்னு பயந்தேன் அத்தை. சண்டியும் போயிட்டா உங்களை யாரு கூட்டிட்டுப் போவா... அதான், முதல்ல அது எழுந்திருக்கட்டும்னு...”

மாமியார் வைக்கோலில் தவழ்ந்தே வந்தாள். “இங்க வா. முகத்தைக் காட்டு.” இரண்டு கையாலும் மருமகளின் முகத்தைத் தடவினாள். நெற்றி, கண், கன்னம். கன்னத்தில் வந்ததும் விரல்கள் நின்றன. மறுபடி தடவின. கழுத்துக்கும் தோளுக்கும் போய்த் திரும்பி வந்தன.

“எலும்புதானடி இருக்கு! ஐயோ, இப்படி உருகிப் போயிருக்கியே... கண்ணில்லாத எனக்குத்தான் தெரியலை.” தலையை நிமிர்த்தினாள். “டேய்! உங்க ரெண்டு பேருக்கும் கண்ணு இருக்கில்ல? மாட்டை இவ பார்த்தா. இவளை யாருடா பார்த்தீங்க?”

பெரியவன் மனைவியின் காலடியில் உட்கார்ந்து, அவள் கையைத் தன் முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதான். “எதிர்த்துப் பேசறியேன்னு சொன்னேனே... அங்க குழி இருந்துச்சு... இப்பத்தான் புரியுது...” அவள் அவன் தலையை வருடிக்கொடுத்தாள். அடக்கி வைத்திருந்த அத்தனையும் சேர்ந்து, மாமியாரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

லாரிக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “தூசி” என்றார் யாரும் கேட்காமலே. “நான் வெறும் வண்டியோடவே போறேன். நிக்கிற மாட்டை ஏத்த எனக்கென்ன பைத்தியமா?”

“அம்மா, கண் ஆஸ்பத்திரியில காட்டலாம்மா. என்கூட வா” என்றான் சின்னவன், தரையைப் பார்த்தபடி.

“வரேன்டா. காட்டு. காட்டிட்டு, கண்ணு வந்தாலும் வராட்டியும் திருப்பிக் கொண்டுவந்து இங்கயே விட்டுடு.”

சண்டி கழுத்தை நீட்டி ‘ம்மா’ என்று அதட்டியது. தண்ணீர் நேரம். பழக்கத்தில் மருமகள் கையை ஊன்றி எழப் போனாள். மாமியார் அவள் தோளைப் பிடித்து அமுக்கினாள்.

“பெரியவனே, நீ போய்த் தண்ணி வை. சின்னவனே, நீ அடுப்பை மூட்டிச் சோறு வடி. என் மருமக இன்னிக்கு எழுந்திருக்க மாட்டா.”

“இல்ல அத்தை, கன்னுக்குட்டிக்கு...”

“பேசாம படுடி!”

அந்தப் பட்டப்பகலில், வைக்கோல் மெத்தையில், மாமியார் மடியில் தலை வைத்த மாத்திரத்தில் அவள் தூங்கிப்போனாள். கனவு எதுவும் வரவில்லை. யாராவது வாளியை உரசினாலும் மாமியார் சத்தம் வந்த பக்கம் திரும்பி, உதட்டில் விரல் வைத்து, “மெதுவாடா” என்று மிரட்டிக்கொண்டே இருந்தாள்.